அழித்த கோப்பும் செத்துப்போன கீபோர்டும்

சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று புதுக் காலண்டர் ஆல்பங்கள் வெளிவரும். அன்று தொடங்கும் ஓட்டம் மார்கழி வரை நிற்காது. நான் நடத்துவது அச்சகங்களுக்கு டி.டி.பி. செய்துகொடுக்கும் சிறிய கடை. மூன்று கணினிகள், ஒரு லேசர் பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் இயந்திரம், உதவிக்கு ஒரு பெண். இந்தப் பருவத்தில் ஒரு கணினி அரைநாள் படுத்துவிட்டால் மாதக் கடைசியில் சம்பளம் கொடுக்கும்போது அது தெரியும். அப்படிப்பட்ட ஒரு புரட்டாசிக் காலையில்தான், முந்தின நாள் இரவு என் கையாலேயே நான் அழித்த ஒரு சின்னக் கோப்பு, கடையின் நடுக் கணினியை ஊமையாக்கியது.

அந்தக் கணினி புதிதாக வாங்கியது இல்லை. பக்கத்துத் தெருவில் ஒரு பிரௌசிங் சென்டரை மூடியபோது பாதி விலைக்கு வந்தது. பெட்டி நன்றாக இருந்தது. விண்டோஸை மட்டும் நான் புதிதாகப் போட்டிருக்க வேண்டும். 'ஓடுகிறதே, எதற்கு வேலை' என்று அப்படியே வைத்துக்கொண்டேன். அந்தச் சோம்பலுக்கு வட்டி கட்டிய கதைதான் இது.

அதில் இருந்தது 120 ஜி.பி. எஸ்.எஸ்.டி. வட்டு. விண்டோஸ் கணக்கில் அது 111 ஜி.பி.தான் காட்டும், தயாரிப்பவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. சி டிரைவில் சிவப்புக் கோடு ஏறி, 900 எம்.பி. மிச்சம் என்று வந்து நின்றது. போட்டோஷாப்பைத் திறந்தால் தற்காலிகக் கோப்பு எழுத இடமில்லை என்று மூடிக்கொண்டது. கன்ட்ரோல் பேனலுக்குப் போய், பழைய உரிமையாளர் போட்டதும் நான் போட்டு மறந்ததுமாக 11 மென்பொருள்களை வரிசையாக நீக்கினேன். ஒவ்வொன்றும் 'வெற்றிகரமாக நீக்கப்பட்டது' என்று சொல்லிவிட்டுப் போனது. கடைசியில் கிடைத்த இடம் 2 ஜி.பி.கூட இல்லை.

அன்றுதான் விஸ்ட்ரீ என்ற சிறிய கருவியை இறக்கினேன். அது ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்து பார்ப்பதில்லை. வட்டில் எங்கே என்ன இருக்கிறது என்று கோப்பு முறைமையே வைத்திருக்கும் அட்டவணையை நேராகப் படித்துவிடுகிறது. அதனால் சில நொடிகளில் முழு வட்டும் கட்டம் கட்டமாகக் கண்முன் வந்துவிடும். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே நீக்கிய ஒரு ஆல்பம் மென்பொருளின் பெயரில் 9 ஜி.பி. கிடந்தது. எல்லாம் கல்யாண வீட்டுப் படங்களின் பொடிப் பிரதிகள். என்றோ நீக்கிய ஒரு வைரஸ் தடுப்பு மென்பொருள், பிடித்து அடைத்து வைத்த சந்தேகக் கோப்புகளை இன்னும் சிறையிலேயே வைத்திருந்தது. சிறைக் காவலர் போய்விட்டார், கைதிகள் அங்கேயே இருக்கிறார்கள்.

இரண்டும் இருந்த இடங்கள் சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாதவை. புரோகிராம் டேட்டா என்ற கோப்புறையும், ஒவ்வொரு பயனர் பெயருக்கும் கீழே இருக்கும் ஆப் டேட்டா என்ற கோப்புறையும் மறைந்த நிலையிலேயே இருக்கும். ஆப் டேட்டாவுக்குள் லோக்கல், லோக்கல்லோ, ரோமிங் என்று மூன்று அறைகள். மென்பொருளை நீக்கிய பிறகு நாம் எட்டிப் பார்ப்பது புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையை மட்டும்தான். அங்கே சுத்தமாக இருக்கும். அந்த வாசலைப் பெருக்கித்தான் வைத்திருப்பார்கள், குப்பை கொல்லைப்புறத்தில்.

ஏன் இப்படி என்று யோசித்தபோது ஒரு விஷயம் பிடிபட்டது. நீக்கும் நிரல் கையில் ஒரு பட்டியலோடு வருகிறது. அது நிறுவிய நாளில் எழுதிய பட்டியல். அன்று எதை எங்கே வைத்ததோ அதைத்தான் எடுக்கும். அதற்குப் பிறகு மென்பொருள் ஓட ஓட உண்டாக்கிய படப் பிரதிகள், அமைப்புகள், இறக்கிவைத்த புதுப்பிப்புகள் எதுவும் அந்தப் பட்டியலில் இருக்காது. சிலவற்றை வேண்டுமென்றே விட்டுப்போகிறார்கள்: மறுபடி நிறுவினால் பழைய அமைப்புகள் அப்படியே கிடைக்க வேண்டும் என்று. இலவசச் சோதனைக்காலம் முடிந்துவிட்டது என்ற குறிப்பையும் அப்படித்தான் எங்காவது செருகி வைக்கிறார்கள். இல்லாவிட்டால் 30 நாளுக்கு ஒருமுறை நீக்கி நிறுவி ஆயுள் முழுவதும் ஓட்டுவோமே. இன்னொன்று, என் உதவியாளர் தனிப் பெயரில் உள்நுழைகிறார். நான் என் பெயரில் நுழைந்து நீக்கினால் அவர் அறையில் இருப்பவற்றைப் பெரும்பாலான நீக்கும் நிரல்கள் தொடுவதே இல்லை. ஒரே மென்பொருளின் மிச்சத்தை இரண்டு பேர் பெயரிலும் பார்த்தது அதனால்தான்.

இரண்டு கோப்புறைகளையும் அழித்தேன். 12 ஜி.பி.க்கு மேல் திரும்பக் கிடைத்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

கை அரித்தது. பிரௌசிங் சென்டர்க்காரர் வைத்திருந்த மேலாண்மை மென்பொருள் ஒன்று, மணிக்கு இவ்வளவு என்று கணக்கு வைத்து நேரம் முடிந்ததும் திரையைப் பூட்டுமே அந்த வகை, என் நினைவுக்கு வந்தது. அவர் அதை நீக்கிவிட்டுத்தான் கொடுத்தார். அதைச் செய்த நிறுவனத்தின் பெயரைப் போட்டு சி டிரைவ் முழுவதும் தேடினேன். விண்டோஸ் கோப்புறைக்குள், சிஸ்டம்32க்குள், டிரைவர்ஸ் என்ற உள்ளறையில் ஒரே ஒரு கோப்பு அகப்பட்டது. அளவு 30 கே.பி.கூட இல்லை. அதை அழித்து எனக்கு என்ன இடம் கிடைத்துவிடப் போகிறது? ஆனாலும் அழித்தேன். நிர்வாகி அனுமதி கேட்டது, கொடுத்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டு, நிம்மதியாகக் கடையைப் பூட்டினேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு உதவியாளரிடமிருந்து போன். "அக்கா, நடுக் கணினியில் கீபோர்டு செத்துவிட்டது. பாஸ்வேர்டு அடிக்க முடியவில்லை."

வேறு விசைப்பலகையை மாட்டிப் பார்த்தார். வேறு துளையில் செருகிப் பார்த்தார். நான் போய்ச் சேர்ந்து ஒரு விஷயத்தைக் கவனித்தேன்: கணினியை எழுப்பியவுடன் வரும் பயாஸ் திரையில் அம்புக்குறி விசைகள் ஒழுங்காக வேலை செய்தன. விண்டோஸ் வந்ததும் ஊமை. விசைப்பலகையிலோ கம்பியிலோ கோளாறு என்றால் பயாஸிலும் செத்திருக்க வேண்டும். ஆகவே குற்றவாளி விண்டோஸுக்குள் இருந்தான். முந்தின இரவு என்ன செய்தேன் என்பது அந்த நொடியில் நினைவுக்கு வர, வயிற்றில் புளியைக் கரைத்தது.

உள்நுழையும் திரையின் மூலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகளைக் காட்டும் ஒரு சின்னம் இருக்கும். அதை அழுத்தினால் திரையிலேயே ஒரு விசைப்பலகை வரும். சுட்டி உயிரோடு இருந்ததால் எழுத்து எழுத்தாகச் சொடுக்கி உள்ளே போனேன். டிவைஸ் மேனேஜரில் விசைப்பலகைக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம். பிழை எண் 39, சாதனத்தை விண்டோஸோடு பேசவைக்கும் நிரலான டிரைவரை ஏற்ற முடியவில்லை என்று பொருள். கைப்பேசியில் அந்த எண்ணைத் தேடிப் படித்தபோதுதான் நடந்தது புரிந்தது.

அந்த மேலாண்மை மென்பொருள் வாடிக்கையாளர்கள் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்திப் பூட்டைத் தாண்டிவிடாமல் தடுக்க, விசைப்பலகைக்கும் விண்டோஸுக்கும் நடுவில் ஒரு வடிகட்டி டிரைவரை உட்கார வைத்திருந்தது. நான் அழித்த 30 கே.பி. அதுதான். கோப்பு போய்விட்டது, ஆனால் விசைப்பலகை எழும்போது இவரையும் அழைக்க வேண்டும் என்று விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் எழுதிவைத்த வரி அப்படியே இருந்தது. பத்திரப் பதிவில் இரண்டு சாட்சிகளில் ஒருவர் வராவிட்டால் பதிவாளர் பத்திரத்தையே திருப்பிவிடுவாரே, அதுபோல விண்டோஸ் விசைப்பலகையையே ஏற்க மறுத்துவிட்டது.

ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், கிளாஸ் என்று இறங்கினேன். அங்கே சாதன வகை ஒவ்வொன்றுக்கும் ஒரு நீண்ட எண். விசைப்பலகைக்கு உரியது 4டி36இ96பி என்று தொடங்கும். அதில் அப்பர்ஃபில்டர்ஸ் என்ற பதிவுக்குள் இரண்டு வரிகள். ஒன்று கேபிடி கிளாஸ், விண்டோஸின் சொந்த டிரைவர். அதைத் தொட்டால் விசைப்பலகைக்கு மறுபிறவியே கிடையாது. இன்னொன்று செத்துப்போன சாட்சியின் பெயர். முதலில் அந்தப் பகுதியை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து வைத்துக்கொண்டு, இரண்டாவது வரியை மட்டும் எடுத்தேன். கணினியை அணைத்து எழுப்பினேன். பாஸ்வேர்டு விழுந்தது. மணி பன்னிரண்டரை. ஆறு பக்கக் காலண்டர் வேலையோடு ஓர் அண்ணாச்சி பத்து மணியிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தினசரித் தாள் முழுவதையும் வரி விளம்பரம் உட்படப் படித்து முடித்திருந்தார்.

பிற்பாடு படித்தபோது, எனக்கு முன்பே பெரிய கை ஒன்று இதே குழியில் விழுந்து எழுந்திருக்கிறது என்று தெரிந்து ஆறுதல் அடைந்தேன். 2005இல் மார்க் ருசினோவிச் என்ற விண்டோஸ் நிபுணர், தம் கணினியில் ஓர் இசைத் தட்டு ரகசியமாக நிறுவியிருந்த நகல் தடுப்பு மென்பொருளைக் கண்டுபிடித்தார். அதன் கோப்புகளை அவர் நீக்கியதும் சி.டி. டிரைவே கணினியிலிருந்து காணாமல் போனது. அதே வடிகட்டி டிரைவர் விவகாரம்தான். அவருக்குச் சி.டி., எனக்கு விசைப்பலகை.

அன்றிலிருந்து கடையில் ஒரு சட்டம்: கோப்பை அழிப்பதற்கு முன் அந்தக் கோப்பைக் கூப்பிடுவது யார் என்று பார்க்க வேண்டும். கூப்பிடுபவரை முதலில் எடுத்துவிட்டுத்தான் கோப்பில் கைவைப்பது. தெரியவில்லையென்றால் அழிப்பதே இல்லை. கோப்புறைப் பெயரின் முன்னால் 'பழைய' என்று சேர்த்து ஒரு மாதம் விட்டுவிடுவோம். ஏதாவது முனகினால் பெயரைத் திருப்பிவைக்க ஒரு நிமிடம் போதும். டிரைவர்ஸ் கோப்புறையில் அந்தப் பெயர் மாற்றும் விளையாட்டுகூடக் கிடையாது. பெயர் மாறினாலும் விண்டோஸுக்கு அது இல்லாத கோப்புதான்.

கூப்பிடுபவர்களைத் தேடுவதற்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ஆட்டோரன்ஸ் போல எனக்கு உதவியது வேறில்லை. கணினி எழும்போது தானாக ஓடக்கூடிய எல்லாவற்றையும், பின்னணியில் ஓடும் சர்வீஸ்கள், டிரைவர்கள், நேரம் குறித்த பணிகள் வரை, ஒரே பட்டியலில் போட்டுவிடுகிறது. கோப்பு இல்லாமல் அழைப்பு மட்டும் மிஞ்சியிருக்கும் வரிகள் மஞ்சள் நிறத்தில் தெரியும். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு கட்டம் உண்டு. டிக்கை எடுத்தால் அழைப்பு நின்றுவிடும், வரி அழியாது. சில வாரம் அப்படியே ஓட்டிப் பார்த்துவிட்டு நீக்கலாம்.

ஆனால் கருவி மஞ்சளில் காட்டாததைக் கண்ணால் பார்க்க வேண்டியும் வந்தது. முதல் கணினியில் தினமும் 11:20க்கு ஒரு கறுப்புச் சன்னல் கண்ணிமைக்கும் நேரத்தில் தோன்றி மறையும். உதவியாளர் அதை 'பேய்' என்றே பெயர்சூட்டிவிட்டார். நேரம் குறித்த பணிகளைக் காட்டும் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து, கடைசியாக ஓடிய நேரம் என்ற பத்தியில் 11:20 எது என்று விரலை ஓட்டினேன். எப்போதோ விற்றுவிட்ட ஒரு பிரிண்டரோடு வந்த புதுப்பிப்புப் பணி. அது ஓட்ட வேண்டிய சிறு நிரல் நீக்கப்பட்டுவிட்டது. அதை ஓட்ட வந்த கறுப்புச் சன்னல் மட்டும் தினமும் வந்து, ஆளில்லாத வீட்டைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறது.

இதெல்லாம் போன பிறகு தேடுவது. எனக்கு உண்மையில் வேண்டியிருந்தது, வரும்போதே குறித்துக்கொள்ளும் வழி. வாடகைக்கு வீடு விடும்போது எத்தனை மின்விசிறி, எத்தனை குழாய் என்று எழுதி வாங்குகிறோம். கணினிக்குள் குடிவருபவரிடம் மட்டும் எதுவும் கேட்காமல் 'அடுத்து, அடுத்து, முடிந்தது' என்று பொத்தானை அழுத்துகிறோம்.

ரெக்ஷாட் என்ற இலவசக் கருவி இதற்குப் போதும். நிறுவுவதற்கு முன் கணினியின் நிலையை ஒரு படம்போல எடுத்து வைக்கும். நிறுவிய பின் இன்னொரு படம். இரண்டையும் ஒப்பிட்டு எது புதிதாக வந்தது, எது மாறியது என்று எழுத்துக் கோப்பாகக் கொடுக்கும். ரெஜிஸ்ட்ரியை மட்டும்தான் அது தானாகப் பார்க்கும். கோப்புறைகளையும் பார்க்க வேண்டும் என்றால் அதற்குரிய கட்டத்தில் டிக் போட்டு எந்தெந்தக் கோப்புறை என்று சொல்ல வேண்டும். நான் முதல் தடவை அதைக் கவனிக்காமல், புதுக் கோப்பு ஒன்றுகூட வரவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அடுத்து வந்த சிக்கல் இரைச்சல். ஒப்பீட்டு அறிக்கை பல நூறு வரி வந்தது. பாதிக்கு மேல் விண்டோஸ் தன் போக்கில் எழுதிக்கொள்வது. கடிகாரம் ஓடுவதுபோல அது சும்மா இருக்கும்போதே எதையாவது மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு காரியம் செய்தேன். எதையும் நிறுவாமலேயே இரண்டு படம் எடுத்து, ஐந்து நிமிட இடைவெளியில் என்னென்ன தானாக மாறுகிறது என்று ஒரு வெற்று அறிக்கை தயாரித்துக்கொண்டேன். பிறகு நிஜ அறிக்கையில் அந்த வரிகளைக் கழித்துவிட்டுப் படித்தால் மிச்சம் விளங்குகிறது. நெட் இணைப்பைத் துண்டித்துவிட்டு எடுத்தால் இரைச்சல் இன்னும் குறையும். நெட் வழியாக நிறுவும் மென்பொருளுக்கு அது ஆகாது. அதன் முழு நிறுவல் கோப்பை முன்பே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது படம் எடுப்பதற்கு முன் புது மென்பொருளை ஒருமுறை திறந்து, ஏதாவது ஒரு வேலை செய்து, மூட வேண்டும். நிறுவும்போது வைப்பவை ஒரு பங்கு. முதல் தடவை திறக்கும்போது வைப்பவை இன்னொரு பங்கு. பின்னால் நம்மைப் படுத்துவது அந்த இரண்டாவது பங்குதான், நீக்கும் நிரலின் பட்டியலில் அது இருக்காது என்று மேலே சொன்னேனே.

இதைவிட நுணுக்கமாகப் பார்க்க விரும்புபவர்களுக்குப் புராசஸ் மானிட்டர் இருக்கிறது. மேலே சொன்ன ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் 1996இல் தொடங்கிய சிஸ்இன்டர்னல்ஸில் பிறந்த கருவிகளின் வாரிசு. ஃபைல்மான், ரெக்மான் என்று தனித்தனியாக இருந்தவற்றை ஒன்றாக்கி 2006இல் வந்தது. அந்த ஆண்டுதான் மைக்ரோசாஃப்ட் அவர்களை வாங்கியது. எந்த நிரல் எந்த நொடியில் எந்தக் கோப்பைத் தொட்டது என்று அப்படியே கொட்டும். வடிகட்டி வைக்காமல் ஓடவிட்டால் சில நிமிடங்களில் லட்சக்கணக்கான வரிகள். நிறுவும் நிரலின் பெயரையும், எழுதும் செயல்களையும் மட்டும் வடிகட்டிப் பார்க்க வேண்டும். காலண்டர் பருவத்தில் எனக்கு அந்தப் பொறுமை வந்ததில்லை; இரண்டு முறை பயன்படுத்தியிருக்கிறேன்.

ஒரு மென்பொருளைச் சும்மா பார்க்க வேண்டும் என்றால் நிஜக் கணினியில் போடவே வேண்டியதில்லை. விண்டோஸ் 10 புரோ வகையில் 2019 முதல் சாண்ட்பாக்ஸ் என்ற வசதி இருக்கிறது. தனியாக ஒரு தற்காலிக விண்டோஸ் திறக்கும். மூடியதும் அதில் போட்டது அத்தனையும் மறைந்துவிடும். ஹோம் வகையில் இது கிடையாது.

மிச்சத்தைச் சுத்தம் செய்வதில் எனக்கு ஏற்பட்ட இன்னொரு அடி, மிச்சம் வைக்காமல் போன ஒரு மென்பொருளால். ஒரு பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருளை நீக்கினேன். போகும்போது அது கொண்டுவந்த எழுத்துருக்கள் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீடான யூனிகோடைத் தமிழக அரசு 2010இல் ஏற்றுவிட்டது, இனிப் பழைய எழுத்துரு எதற்கு என்று நினைத்திருந்தேன். அந்த வாரமே ஓர் அச்சகத்திலிருந்து 2008ஆம் ஆண்டுக் காலண்டர் கோப்பு திருத்தத்துக்கு வந்தது. திறந்தால் ராகுகாலம், எமகண்டம் எல்லாம் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளுமாகக் கிடந்தன. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் 'தமிழ்' என்ற சொல் கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகளாகத்தான் இருக்கிறது. எழுத்துரு இருந்தால் தமிழ்; இல்லாவிட்டால் வெறும் குறிகள். எழுத்துருக்களைத் திரும்பச் சேகரிக்க இரண்டு நாளாயிற்று. இப்போது எதையும் நீக்குவதற்கு முன் எழுத்துருக் கோப்புறைக்கு ஒரு நகல் எடுத்து வேறு வட்டில் வைத்துவிடுகிறேன்.

பக்கத்துக் கடை ஜெராக்ஸ் அண்ணாச்சியின் கதை இன்னும் மோசம். "ஏம்மா, விண்டோஸுக்குள் இன்ஸ்டாலர் என்று ஒரு கோப்புறையில் 14 ஜி.பி. சும்மா கிடந்தது, தூக்கி எறிந்துவிட்டேன்" என்று பெருமையாக வந்து சொன்னார். அதற்குள் இருப்பவற்றின் பெயர்கள் அர்த்தமில்லாத எண்ணும் எழுத்துமாக இருக்கும்; பார்த்தால் குப்பை என்றுதான் தோன்றும். நிறுவிய மென்பொருள்களைப் பின்னால் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் நீக்கவும் விண்டோஸ் பத்திரப்படுத்தி வைக்கும் மூலப் பிரதிகள் அவை. அடுத்த மாதம் அவருடைய கணக்கு மென்பொருள் புதுப்பிக்கவும் மறுத்தது, நீங்கவும் மறுத்தது. அந்தக் கோப்புறையையும், அதன் அருகில் இருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் கோப்புறையையும் எவ்வளவு பெருத்தாலும் கையால் தொடக் கூடாது.

ரெஜிஸ்ட்ரியைத் துடைத்துக் கணினியை வேகமாக்குகிறேன் என்று வரும் மென்பொருள்களைப் பற்றி ஒரு வார்த்தை. அநாதையாக நிற்கும் ரெஜிஸ்ட்ரி வரி ஒன்று சில பைட்டுகள்தான். ஆயிரம் வரி துடைத்தாலும் ஒரு போட்டோ அளவுக்கு இடம் மிஞ்சாது, வேகமும் கூடாது. மைக்ரோசாஃப்டே ஒருகாலத்தில் தந்த இன்ஸ்டாலர் கிளீன்அப் என்ற கருவியை, மற்ற மென்பொருள்களைக் கெடுக்கிறது என்று 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. எதை எடுக்கிறது என்று காட்டாமல் மொத்தமாகத் துடைக்கும் எதையும் நான் ஓட்டுவதில்லை.

ரெவோ, பல்க் க்ராப் அன்இன்ஸ்டாலர் போன்றவை வேறு ரகம். நீக்கிய பிறகு அந்தப் பெயரோடு ஒத்துப்போகும் மிச்சங்களைத் தேடிக் காட்டும். நல்ல உதவிதான். ஆனால் பெரும்பாலும் அவை பெயரை வைத்து ஊகிக்கின்றன. ஒரே நிறுவனத்தின் இரண்டு மென்பொருள் நம்மிடம் இருந்தால் ஒன்றின் மிச்சம் என்று மற்றதன் சொத்தைக் காட்டக்கூடும். பட்டியலைப் படிக்காமல் 'எல்லாம் தேர்ந்தெடு' என்ற பொத்தானை அழுத்துபவர்கள் எங்கள் டிரைவர்ஸ் கோப்புறைக் கதையை ஒருமுறை நினைத்துக்கொள்ளட்டும். வைரஸ் தடுப்பு மென்பொருளுக்கு மட்டும் அந்தந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியைத் தேடிப் பயன்படுத்துகிறேன். அவை வேரோடிப் போயிருக்கும் இடங்கள் அவர்களுக்குத்தான் தெரியும்.

எங்கள் ஊரில் கணக்குப் பேரேடுக்குப் பஞ்சமில்லை. அச்சில் ஓரம் வெட்டுப் பிசகிய ஒன்றை ஓர் அச்சகத்தார் சும்மா கொடுத்தார். பிள்ளையார் சுழி போட்டு, கணினிக்கு ஒரு பகுதி பிரித்து, புதிதாக எது உள்ளே வந்தாலும் தேதி, பெயர், யார் கேட்டு நிறுவியது, செய்த நிறுவனத்தின் பெயர், உருவான கோப்புறைகள், சர்வீஸ், டிரைவர், எழுத்துரு உண்டா இல்லையா என்று எழுதுகிறோம். நிறுவனத்தின் பெயரை எழுதுவது முக்கியம். கோப்புறைகள் பல நேரம் மென்பொருள் பெயரில் இருக்காது, நிறுவனப் பெயரில்தான் இருக்கும். ரெக்ஷாட் அறிக்கையை அச்சிட்டு அந்தப் பக்கத்திலேயே பின் குத்திவிடுகிறோம். நீக்கும்போது சிவப்பு மையில் ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே போனால், எது அடிபடாமல் நிற்கிறதோ அதுதான் மிச்சம்.

நடுக் கணினிக்கான பகுதியில் இப்போது ஒரே ஒரு வரி அடிபடாமல் நிற்கிறது. புரோகிராம் டேட்டாவுக்குள் 600 எம்.பி. கோப்புறை ஒன்று, 'பழைய' என்று பெயர் மாற்றி மூன்று வாரம் ஆகிறது. இதுவரை எதுவும் முனகவில்லை. உதவியாளர் தினமும் அழித்துவிடலாமா என்று கேட்கிறார். காலண்டர் வேலை முடியட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.